மார்கழி பதின்மூன்றாம் நாள் கோலம்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பது இன்றும் எனக்குப் பிடிபடவில்லை. இதைக் கணினியில் ஏற்றும் என் மகள் முடிந்தவரை திருத்துவாள். மீதிப் பிழைகளை உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவன், அக்காவைப் பற்றிச் சொல்ல வேறு ஆள் இல்லாததால் எழுதுகிறேன்.

அக்கா பிள்ளையார்பாளையத்தில், இப்போது நாங்கள் இருக்கும் இதே வீட்டில் பிறந்தார். அம்மா காலமானபோது அவருக்குப் பதினேழு வயது, எனக்குப் பத்து. கரையையும் உடலையும் தனித்தனியாக நெய்து கோர்க்கும் கோர்வைப் பட்டுப் புடவையை ஒருவர் தனியாக நெய்ய முடியாது. ஒருவர் உடலை நெய்ய, பக்கத்தில் இருப்பவர் கரைக்கான நூல் சுற்றிய நாடாவைத் தள்ளித் தர வேண்டும். அம்மா உட்கார்ந்த அந்த இடத்தில் அக்கா உட்கார்ந்தார். முதலில் அப்பாவுக்கு, அப்பாவுக்குப் பிறகு எனக்கு. பெண் கேட்டு வந்த இரண்டு இடங்களை அவரே திருப்பி அனுப்பிவிட்டார் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. கேட்டபோது, "அந்தாளுக்கு மீசை நல்லா இல்லடா" என்று சொல்லிச் சிரித்தார்.

மழைக்காலத்தில் எங்கள் தறிக்குழியில் தண்ணீர் ஊறும். பட்டு ஈரம் வாங்கிவிடும், வேலை நின்றுபோகும். மற்றவர்கள் சலித்துக்கொள்வார்கள். அக்காவுக்கு அது பண்டிகை. மிச்ச நூலில் கிளி, மயில் செய்து வாசற்படியில் தொங்கவிடுவார். மார்கழி பிறந்ததும் கோல நோட்டை எடுப்பார். சாயங்காலம் டீ குடித்ததும் மறுநாள் கோலத்தை அதில் போட்டுப் பார்ப்பார். முதலில் புள்ளி, பிறகு கோடு. என் மனைவி காய் நறுக்கிக்கொண்டே, "அண்ணி, அந்த மூலையில இன்னொரு பூ வைங்க" என்பாள். மகள், "எதுக்கு அத்தை இந்தக் குளிர்ல? ஸ்டிக்கர் வாங்கி ஒட்டிடலாம்" என்பாள். "உன் கல்யாணத்துக்குச் சாப்பாட்டையும் ஸ்டிக்கரா ஒட்டிடறேன், வா" என்பார் அக்கா. எங்கள் வீட்டுக் குளிர்காலம் அந்த நோட்டைச் சுற்றித்தான் நடந்தது.

சென்ற ஆண்டு கார்த்திகையில் அக்காவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. இதயம் பலவீனமாகிவிட்டது, பனியில் வெளியே வரக் கூடாது, குனியக் கூடாது என்றார் மருத்துவர். அன்று பிடித்த பயம் என்னைவிட்டுப் போகவே இல்லை. காலையில் எழுந்ததும் அவர் மூக்கின் அருகே விரலை வைத்துப் பார்ப்பேன். ஒருநாள் கண்ணைத் திறக்காமலே, "இன்னாடா, சோறு வெந்துடுச்சான்னு பாக்கறியா? இருக்கறேன், போ" என்றார்.

மார்கழியில் வாசலில் கோலம் இல்லையென்றால் தெருவே என்ன நினைக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். என் மனைவிக்கு முட்டி மடங்காது. மகள் கல்லூரி விடுதியில் இருந்தாள். ஆகவே நானே போடுவதென்று முடிவு செய்தேன். வெறும் வாசலைப் பார்த்து அக்காவைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்பதே என் எண்ணமாக இருந்தது. யாராவது சொன்னால் அது பலித்துவிடும் என்று நடுங்கினேன். ஆண்பிள்ளை கோலம் போடுவதைத் தெரு பார்க்குமுன், இருட்டோடு எழுந்து வாசல் தெளித்தேன்.

முதல் நாள் கோலம் வாசலில் அடங்கவில்லை. நெய்கிற பழக்கத்தில் படியை ஒட்டி ஓரத்தில் தொடங்கி, வரிசை வரிசையாகப் புள்ளி வைத்துக்கொண்டே போனேன். பாதியிலேயே சாக்கடை வந்துவிட்டது. சன்னல் வழியாகப் பார்த்த அக்கா மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார்.

"டேய், கோலத்த நெய்யாதடா! நடுவுல ஆரம்பி. நடுவுல ஆரம்பிச்சா அது தன்னால அடங்கும்."

அன்று முதல் அவர் நோட்டில் போட்டுத் தந்ததைப் பார்த்து மறுநாள் காலையில் நான் வாசலில் போட்டேன். நோட்டில் நாளைக்கு ஒரு கோலம் இருந்தால் அக்காவும் நாளைக்கு இருப்பார் என்று எனக்குள் ஒரு கணக்கு. அதனால் விளக்கு வைத்ததும் அந்தப் பக்கத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.

ஐந்தாம் நாள் விடியலில் அக்காவுக்கு மூச்சுத் திணறியது. அப்படியே ஆட்டோவில் மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். வீடு பூட்டிக் கிடந்தது, வாசலில் தெளிக்கவும் இல்லை. எதிர்வீட்டம்மா அதைப் பார்த்துவிட்டுக் கூரத்தில் இருக்கும் எங்கள் சித்திக்குப் போன் செய்துவிட்டார். ஊசி போட்டு, மூச்சு சீரானதும் பத்து மணிக்குத் திரும்பி வந்தோம். வாசலில் ரோஜா மாலையோடு சித்தி நின்று அழுதுகொண்டிருந்தார். அக்கா ஆட்டோவிலிருந்து இறங்கினார்.

"யாருக்கு சித்தி மாலை?"

சித்தி வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். எதிர்வீட்டம்மா, "கோலம் இல்லியேன்னு... நான்தான்மா..." என்று தடுமாறினார்.

"ஒரு நாள் கோலம் இல்லன்னா என்னை அனுப்பிடுவீங்களா? சித்தி, அழுதது அழுதீங்க, ஒரு காபி குடிச்சிட்டுப் போங்க. டேய், மாவு எடுத்துக்கினு வா."

படியில் உட்கார்ந்தபடியே கை எட்டும் தூரத்தில் சின்னதாக ஒரு கோலம் போட்டார். எல்லோரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. அந்த மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் கொண்டுபோய்க் குளத்தில் விட்டுவிட்டு வந்தேன்.

பன்னிரண்டாம் நாள் மதியம், சாயங்காலம் வரை காத்திராமல் அக்கா நோட்டைக் கேட்டார். பதின்மூன்றாம் நாளுக்கான பக்கத்தில் புள்ளி வைத்து முடித்தார். "கொஞ்சம் படுத்துட்டு எழுந்து கோடு இழுக்கறேன்" என்றார். எழுந்திருக்கவில்லை.

அன்று முதல் எங்கள் வாசலில் மார்கழிக் கோலம் இல்லை. இழவு வீட்டுக்கு ஓராண்டு அது கிடையாது. இந்த மார்கழியில் தெருவெங்கும் கோலம் இருக்க எங்கள் வாசல் மட்டும் வெறுமையாக இருப்பதைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த நோட்டைத் திறக்க அதைவிடப் பயம். அந்தப் புள்ளிகளில் நான் கோடு இழுத்துவிட்டால் அக்கா விட்டுப்போன வேலை முடிந்துவிடும். பிறகு அவர் வேலை என்று இந்த வீட்டில் எதுவும் மிச்சம் இருக்காது.

விடியலில் ஓடி வந்த ஆட்டோக்காரத் தம்பி, மருத்துவர், ஊசி போட்ட செவிலியர் சகோதரிகள், கடைசி வரை உடனிருந்த தெருவினர் எல்லோருக்கும் என் குடும்பத்தின் நன்றி. கூரத்துச் சித்திக்கும் எதிர்வீட்டம்மாவுக்கும் தனியாக நன்றி. உங்கள்மேல் அக்காவுக்கு வருத்தமே இல்லை. அந்தக் கதையைக் கடைசி நாள் வரை சொல்லிச் சிரித்தார்.

இதுவரை எழுதியது நேற்று. இன்று காலை நோட்டைத் திறந்துவிட்டேன். தறி அறையில், தரையில் சாக்கட்டியால் அதே புள்ளிகளை வைத்துக் கோடு இழுத்துப் பார்த்தேன். மறுபடி ஓரத்திலிருந்தே ஆரம்பித்துவிட்டேன். துடைத்துவிட்டு, நடுவில் ஆரம்பித்தேன். அடங்கியது.

இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும் நாள் மார்கழி பன்னிரண்டு, அக்கா போய் ஓராண்டு முடிகிற நாள். மறுநாள் காலையில் எங்கள் தெரு வழியாகப் போகிறவர்கள் எங்கள் வாசலைப் பாருங்கள். புள்ளி அக்காவுடையது, கோடு என்னுடையது. கோணலாக இருந்தாலும் கோலம் இருக்கும்.

மார்கழி 4
காஞ்சிபுரம்