மாறாத நட்சத்திரம்

தொண்ணூறுகளின் தொடக்கம். ராஜபாளையத்தில் ஒரு மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். பகல் ஷிப்ட் முடிந்து வந்தால் உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். ஆனாலும் காபியைக் குடித்துவிட்டு மொட்டை மாடிக்கு ஏறிவிடுவேன். சில நட்சத்திரங்களின் வெளிச்சம் லேசாகக் கூடும், குறையும். தொலைநோக்கியில் அப்படி ஒன்றையே உற்றுப் பார்த்தபடி, பக்கத்தில் ஓரமாக, மாறாமல் இருக்கிற இன்னொன்றோடு ஒப்பிட்டு அதைக் கணிப்பதுதான் என் பொழுதுபோக்கு. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய் ஒருவருக்கும் இதே கிறுக்கு. அவர் அவர் மாடியில், நான் என் மாடியில். லீவு நாளில் சந்தித்து ஒப்பிட்டுக்கொள்வோம்.

"வானத்துக்கு மேல சாட்டிலைட்ட விட்டே அளக்காகளாம். நீங்க எதுக்கு இம்புட்டு அலுப்போட மாடி ஏறுதிய?" என்பாள் என் மனைவி.

அந்த மார்கழியில், மாறவே கூடாத அந்தப் பக்கத்து நட்சத்திரம் எனக்கு மங்கலாகத் தெரிய ஆரம்பித்தது. பனி, பஞ்சுத் தூசி, தெருவிளக்கு என்று எதையெதையோ நினைத்தேன். லென்ஸைத் துடைத்தேன். வாரத்துக்கு வாரம் இன்னும் மங்கியது. யாரும் காணாததைக் கண்டுவிட்டேனோ என்று அந்தக் களைப்பிலும் ஓர் ஆசை.

பாய் ஒப்புக்கொள்ளவில்லை. அவருக்கு அது துளியும் குறையவில்லையாம். ஒரு சாயங்காலம் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு, பஸ் ஏறி என் வீட்டுக்கே வந்துவிட்டார். என் தொலைநோக்கியில் நெடுநேரம் பார்த்தார். நான் எந்தக் கண்ணால் பார்ப்பேன் என்று கேட்டார். வலது கண் என்றேன்.

"கொஞ்சம் இடது கண்ணால பாருங்க."

பார்த்தேன். நட்சத்திரம் பழையபடி பளிச்சென்று இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நாளைக்கு மதுரைக்குப் போவோம். நானும் வாரேன்" என்றார் பொறவு.

கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெட்டுக்கொண்டிருக்கிறது என்றார் மதுரை டாக்டர். பார்வை ஓரத்திலிருந்து போகுமாம், வலியே இருக்காதாம். அதனால்தான் ஓரத்தில் நின்ற நட்சத்திரம் மட்டும் மங்கியிருக்கிறது. வலது கண்ணில் போனது திரும்பாது. இடது கண்ணிலும் தொடங்கியிருந்தது, அதைக் காப்பாற்றிவிட்டார்கள். தெரியாமலே விட்டிருந்தால், கரண்டுக் கம்பியோடு மல்லுக்கட்டுகிற என் பிழைப்பு என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

அன்றிலிருந்து காலையும் மாலையும் சொட்டு மருந்துதான். வருஷக்கணக்காக ஊற்றி ஊற்றிச் சலித்துப்போய், இன்றைக்கு ஒருநாள் வேண்டாமே என்று தோன்றும்போதெல்லாம், நான் சொன்னதை மறுத்ததோடு நிற்காமல் தானே வந்து பார்த்த அந்த மனுஷரை நினைத்து, தலையைப் பின்னால் சாய்த்து மருந்தை விட்டுக்கொள்கிறேன்.