முழங்காலுக்குச் சாட்சி

ஆகஸ்ட் பதினைந்து, காலை 6.10. திருச்சி ஜங்ஷன். ஸ்ரீரங்கம் ஒன்பது கிலோமீட்டர், ஆட்டோவுக்கு இருநூற்றைம்பது ரூபாய்.

"சாமி கும்பிடவாங்க?" என்றார் ஓட்டுநர்.

"ஒருத்தர்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

"எல்லாரும் அதுக்குத்தான் வர்றாங்க. ஏறுங்க."

6.35. காவிரிப் பாலம். ஆறு நிறைந்து, அவசரமில்லாமல், அழகாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த அழகு எனக்கு எரிச்சலாக இருந்தது.

பத்தொன்பது வயதில் ராணுவப் பயிற்சி முகாமில் எங்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்தார்கள். எனக்கு வாய்த்த ஜோடி லால்குடி செல்வம். ஒருவன் விழுந்தால் அவன் மூட்டையையும் மற்றவன் சுமக்க வேண்டும். முடியவில்லை என்று ஒருவன் சொன்னால், பயிற்சி தரும் உஸ்தாத் அவனைக் கேட்க மாட்டார், ஜோடியைத்தான் கேட்பார். ஒரு விடியலில் செல்வத்தின் முழங்கால் பலாக்காய் போல வீங்கியிருந்தது. உஸ்தாத் என் பக்கம் திரும்பினார். பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டம், இரண்டு மூட்டை. "நடிக்கிறான்" என்றேன், அவன் காதுபட. எட்டாவது கிலோமீட்டரில் அவன் கால் மடங்கியது. மூன்று மாதத்தில் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். நான் பதினேழு வருடம் இருந்து பென்ஷனோடு வந்தேன்.

7.00. அம்மா மண்டபம் சாலையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. செல்வம் அங்கே காவலர்களுக்கு மேற்பார்வையாளன். கஞ்சி போட்ட நீலச் சட்டையில், காலை இழுத்தபடி வந்தான்.

"என்னடா, இப்படி நரைச்சிட்ட?"

"செல்வம், ஒண்ணு சொல்லணும்."

"அப்புறம் சொல்லு. இங்க எல்லாருக்கும் எனக்கு எல்லையில குண்டடி பட்டதாத்தான் தெரியும். வீட்டுக்காரிக்கும் அதான். காட்டிக் குடுத்துடாத."

இரண்டாவது வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் அவன் மனைவி உட்கார்ந்திருந்தார், பட்டுப்புடவையில்.

7.30. கொடியேற்றியவன் செல்வம்தான். குடியிருப்போர் சங்கச் செயலாளர், நாமம் தரித்த பெரியவர், மைக்கை என்னிடம் நீட்டினார். "செல்வத்தோட சேவை பண்ணினவராமே. நாலு வார்த்தை சொல்லுங்கோ."

செல்வம் கொடிக்கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் பேசினேன். பனி, பாறை, இருட்டு என்று எனக்குக் கைவந்த சொற்களெல்லாம் ஓடி வந்தன. முழங்காலில் ரத்தம் கொட்டக்கொட்ட என் மூட்டையையும் அவனே சுமந்தான் என்றேன். கைதட்டினார்கள். அவன் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

8.15. வாசல்வரை வந்தான். கையில் எனக்கான மிட்டாய்.

"நல்லா சொன்ன. கேட்டவனுக்கே வலிச்சிருக்கும்."

"செல்வம், அன்னிக்கு..."

"அன்னிக்கு நீ ஒரே வார்த்தை சொல்லியிருந்தா போதும்டா. வலிக்குதுன்னு."

மிட்டாயை வாங்கிச் சட்டைப்பையில் போட்டேன். பஸ் வந்தது. ஏறும்போது என் தோளைப் பிடித்து நிறுத்தினான்.

"அடுத்த வருஷமும் உன்னையே பேச வைக்கணுமாம், செயலாளர் சொல்றாரு. வந்துடு."

"வரேன்" என்றேன்.