படிக்காமல் போட்ட மார்க்

இன்று திருப்பதியிலிருந்து புத்தூர் போகும் பஸ்ஸில் என் மாணவி ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆந்திரா-தமிழ்நாடு எல்லை பிரித்த வரலாற்றை அவர்கள் வகுப்புக்கு அசைன்மெண்டாகக் கொடுத்திருந்தேன்.

"எல்லாம் நெட்டுல இருந்து எடுத்ததுதானே?" என்று கிண்டலாகக் கேட்டேன்.

"இல்ல மேடம், முக்கால்வாசி பேரு சொந்தமாதான் எழுதினோம்."

"ஏன், மாட்டிக்குவோம்னு பயமா?"

"பயம் இன்னா மேடம்? நீங்க உக்காந்து படிப்பீங்கல்ல?"

பக்கங்களை எண்ணி மார்க் போட்டவள் நான்.

"ஊடு தமிழ்நாட்டுக்குப் போயி, கெழனி ஆந்திராவுல நின்னுபோச்சுன்னு எங்க நைனா சொன்னத எழுதியிருந்தேனே, புடிச்சுதா மேடம்?"

"ரொம்ப" என்றேன்.

"நைனாகிட்ட சொல்றேன்" என்று அப்போதே போனை எடுத்தாள்.

அந்த அசைன்மெண்டில் பெரிதாக ஏமாற்றியவள் யாரென்று எனக்குத் தெரியும். அவளுக்கு எத்தனை மார்க் போடலாம், நீங்களே சொல்லுங்கள்.