காயாமடுவில் ஆளில்லை

1987 மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்தத் தடித்த உறை வந்து சேர்ந்தது. ரொறன்ரோவில் டோர்செட் பார்க் பகுதியில், ஏழாம் மாடியிலிருந்த அந்த வீட்டில் மூன்று பேரும் இரண்டு கிழமையாகத் தபால்பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தபடி இருந்தார்கள்.

உறை கனகாம்பிகைக்கு வந்தது. வயது இருபத்தாறு. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே காயாமடு என்ற ஊரில் பிறந்து, பேராதனையில் பொருளியல் படித்து, புலமைப்பரிசிலில் ரொறன்ரோவுக்கு மேற்படிப்புக்கு வந்தவள். தங்கியிருந்தது அக்கா தங்கேஸ்வரி வீட்டில். அத்தான் குஞ்சித்தம்பி பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில் பெட்டி ஏற்றுகிறவர். பனிக்காலத்தில் கனகாம்பிகை வகுப்பு முடிந்து வரும்போதெல்லாம் பஸ் தரிப்பிடத்தில் போய் நிற்பார். "தனிய நடந்து வழுக்கி விழுந்திருவா புள்ள" என்பார்.

நாடுகளுக்குக் கடன் கொடுக்கும் சர்வதேச நிதி நிறுவனம் ஒன்று, பொருளியல் மேற்படிப்பு மாணவர்கள் சிலரைக் கோடையில் பத்து வாரம் சம்பளம் கொடுத்து ஆய்வுப் பயிற்சிக்கு எடுக்கும். முதல் தெரிவில் கனகாம்பிகை தேறிவிட்டாள். அடுத்தது வீட்டிலிருந்தே எழுதும் ஒரு பரீட்சை. நிறுவனம் அனுப்பும் பழைய அறிக்கையைப் படித்து, அந்தத் திட்டத்தில் போடும் பணத்துக்கு நூற்றுக்கு எவ்வளவு பலன் வரும் என்று கணித்து, நாலு பக்கத்தில் கருத்து எழுதவேண்டும். அதன்பிறகு நேர்முகம்.

உறையைக் கிழித்து அறிக்கையின் தலைப்பைப் பார்த்ததும் கனகாம்பிகை கத்தினாள்.

"அக்கா, ஓடி வாங்க! எங்கட ஊர்ப் பக்கம்! குளம் கட்டுற திட்டமாம்!"

தங்கேஸ்வரி ஈரக்கையோடு ஓடி வந்தாள். இருவரும் வரைபடத்தை மேசையில் விரித்தார்கள். வாவி இருந்தது. அதன் மேற்குக் கரையான படுவான்கரை இருந்தது. காயாமடு இருக்கவேண்டிய இடத்தில் நீல நிறத்தில் புதுக்குளம் பரந்து கிடந்தது. ஊரின் பெயரைத் தேடிப் பக்கங்களைப் புரட்டிய கனகாம்பிகை ஓர் அட்டவணையில் அதைக் கண்டாள். அலகு ஆறு, காயாமடு. குடும்பங்கள்: பூச்சியம். மறுகுடியேற்றச் செலவு: இல்லை.

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அச்சுப்பிழை என்று நினைத்து மற்ற அட்டவணைகளைப் பார்த்தாள். எல்லாவற்றிலும் அதே பூச்சியம்.

"அப்ப நாங்க எங்க புறந்தம்?" என்று கேட்டாள் தங்கேஸ்வரி. கொஞ்சம் பொறுத்து, "அப்பாவும் இதுக்குள்ள பூச்சியமா?" என்றாள்.

பிள்ளையார் கோயிலடியில் தொடங்கி, வீடு வீடாகப் பெயர் சொல்லி இருவரும் எண்ணினார்கள். எண்பத்துநாலு குடும்பம் வந்தது. இதை யார்தான் இப்படி எழுதினார்கள் என்று பார்க்கக் கனகாம்பிகை கடைசிப் பக்கத்துக்குப் போனாள். கணக்கெடுப்பு நடந்தது 1979 மார்கழியில். அலகு அலகாக, வேலைசெய்த தற்காலிக உத்தியோகத்தர்களின் பெயர்கள் போட்டிருந்தார்கள். ஆறாம் அலகுக்கு நேரே: எஸ். குஞ்சித்தம்பி.

அது அத்தான். பெயரில் விரலை வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தாள். தங்கேஸ்வரி வாசித்துவிட்டு அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள்.

நாலு மணிக்குக் குஞ்சித்தம்பி வேலையால் வந்தார். சப்பாத்தைக் கழற்றும்போதே, "வந்திட்டா புள்ள?" என்று கேட்டார். கனகாம்பிகை அந்தப் பக்கத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அவர் நின்றபடியே வாசித்தார். பிறகு சுவரோடு சாய்ந்துகொண்டார்.

"மூணு நாளா விடாத மழை" என்றார் கடைசியில். "துறையடியில நிண்டன். தோணி இல்ல. திங்கக்கிழமை கச்சேரிக் கந்தோரில பேப்பரக் குடுக்கோணும். அக்கரையில காடு மட்டுந்தான் தெரிஞ்சிச்சு. பூச்சியம் எண்டு போட்டுட்டன்."

"அது எங்கட ஊர், அத்தான்!"

"அப்ப எனக்குத் தெரியாது புள்ள. அடுத்த வருசம் மாப்பிள்ளையா வந்து இறங்கக்குள்ளதான் முதல் முதல் கண்டன். மேளமும், வெடியும், எவ்வளவு சனம்! அண்டைக்கு எனக்குச் சோறு இறங்கல்ல."

"மாப்பிள்ளை வெக்கத்தில சாப்பிடல்ல எண்டு அம்மா ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சா" என்றாள் தங்கேஸ்வரி. எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் காலை கனகாம்பிகை கணக்கை இரண்டு விதமாகவும் செய்தாள். அறிக்கை சொன்னபடி போட்டால் நூற்றுக்குப் பதினாலு வந்தது. அருமையான திட்டம். எண்பத்துநாலு குடும்பத்துக்கும் வேறு காணி, வேறு வீடு கொடுக்கும் செலவைச் சேர்த்தால் ஐந்துக்கு இறங்கியது. அந்தத் திட்டத்தைத் தொடவே கூடாது. ஆனால் இதை எழுதினால், எப்படித் தெரியும் என்று கேட்பார்களே. கணக்கெடுத்தவர் யாரென்று தேடினால் அத்தானின் பெயர் வெளியே வரும்.

பேனாவைப் பிடித்தபடி அவள் இருக்க, குஞ்சித்தம்பி ஒரு தாளோடு வந்தார். தமிழில் ஐந்து வரி எழுதிக் கையெழுத்து வைத்திருந்தார். அந்த ஊருக்கு நான் போகவில்லை, போகாமலே எழுதிக் கொடுத்தேன் என்பதுதான் விஷயம்.

"இதை இங்கிலீசில மாத்தி, ரெண்டு தாளையும் உன்ட கணக்கோட சேர்த்து அனுப்பு."

"உங்களுக்கு ஏதும் பிரச்சினை வந்தா?"

"வரட்டும். ஏழு வருசமா நெஞ்சுக்க கிடக்குது."

சித்திரையில், நகரத்தின் நடுவே ஒரு ஹோட்டலில் நேர்முகம் நடந்தது. நரைத்த தலையோடு ஒரு மனிதர் அவளுடைய நாலு பக்கங்களையும் குஞ்சித்தம்பியின் கடிதத்தையும் முன்னால் வைத்திருந்தார். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு அந்தத் திட்டம் கைவிடப்பட்டது என்று அவர் சொன்னார். கனகாம்பிகைக்கு மூச்சு வந்தது.

"சிக்கல் இல்லாத உதாரணம் என்றுதான் இதைப் பரீட்சைக்கு எடுத்தோம்" என்றார் அவர். "மூன்று வருடத்தில் இருநூறு மாணவர்களுக்கு மேல் செய்துவிட்டார்கள். அநேகமாக எல்லோரும் பதினாலு என்று சரியாகவே எழுதினார்கள்."

"சரியாகவா?" என்று கேட்டாள் கனகாம்பிகை.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். இருநூறு கெட்டிக்காரப் பிள்ளைகள் அந்தப் பூச்சியத்தைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். வேறோர் ஊரென்றால் தானும் அப்படித்தான் தாண்டிப் போயிருப்பாள் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

வைகாசியில் கடிதம் வந்தது. எடுத்துவிட்டார்கள். பத்து வாரம் போய் எங்கோ ஒரு நாட்டின் அரிசி விலைகளை ஆராய்ந்தாள். பரீட்சைக்கு வேறு அறிக்கை வைப்பதாக நிறுவனத்தில் சொன்னார்கள். முடிந்துபோன அறிக்கையைத் திருத்த வழியில்லை என்றும் சொன்னார்கள். மூன்று தடவை போய்க் கேட்டபின், நூலகப் பிரதியின் பின்னால் அவளுடைய குறிப்பையும் குஞ்சித்தம்பியின் கடிதத்தையும் ஒட்ட விட்டார்கள். அவளே நின்று ஒட்டினாள்.

புரட்டாதியில் திரும்பி வந்தபோதும் வீட்டில் அக்காவும் அத்தானும் தேவைக்குத் தவிரப் பேசுவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோறு போட்டுக்கொண்டிருந்த தங்கேஸ்வரி திடீரென்று கேட்டாள்:

"எந்தத் துறையடியில நிண்டீங்க?"

"ஆலையடித் துறையில."

"அதில நிண்டு கூப்பிட்டா எங்கட வீட்டு வளவுக்குக் கேக்கும். அப்பா தோணி கொண்டு வந்திருப்பார்."

குஞ்சித்தம்பி சோற்றிலிருந்து கையை எடுத்தார்.

"நான் கூப்பிடல்ல" என்றார்.

தங்கேஸ்வரி, "சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுக் கறிச்சட்டியை அவர் பக்கம் தள்ளி வைத்தாள்.