அப்பாவுக்காக அண்ணன் செய்த ரயில் இஞ்சின்

நினைவு மலருக்காக அண்ணனைப் பற்றி எழுதித் தரும்படி அச்சகத்தார் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார்கள். எழுத உட்கார்ந்தால் 'அண்ணன் சொல்கிறார்', 'அண்ணன் செய்கிறார்' என்றே கை போகிறது. அடித்துத் திருத்தி எழுதுகிறேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருக்கும் உறவினர்களும் நண்பர்களும், எங்காவது திருத்தாமல் விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாற்பத்திரண்டு வயதில், டீ கேட்டுவிட்டு, அந்த டீ வருவதற்குள் சாய்ந்துவிட்ட ஒருவரைப் பற்றி எழுத எனக்கு இன்னும் மனம் பழகவில்லை.

அண்ணன் பிறந்தது வடக்கனந்தலில், அம்மாவின் ஊரில். வளர்ந்தது விழுப்புரத்தில். அப்பா ரயில்வேயில் ஃபயர்மேன், நீராவி இஞ்சினில் கரி அள்ளிப் போடும் வேலை. எனக்கு ஆறு வயது நடக்கும்போது அம்மா மஞ்சள் காமாலையில் தவறினார்கள். அப்பா வண்டி ஏறினால் திரும்பி வர ஒன்றரை நாள் ஆகும். பதின்மூன்று வயது அண்ணன்தான் சோறு வடித்து, எனக்குத் தலை பின்னி, பள்ளிக்கூடம் அனுப்பினார். அவர் பின்னிய சடை ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் இன்று சங்கராபுரத்தில் ஆசிரியையாக இருக்கிறேன் என்றால் அந்தக் கோணல் சடையோடு போய்ப் படித்ததால்தான்.

பள்ளி இறுதி முடித்ததும் அண்ணன் ஒரு பல் மருத்துவரிடம் எடுபிடியாகச் சேர்ந்து, பல் செட் கட்டும் வேலையைக் கற்றுக்கொண்டார். பிறகு கள்ளக்குறிச்சியில் சொந்தமாக ஓர் அறை பிடித்தார். மெழுகில் பல்லை அடுக்கி, ரெசின் என்ற செயற்கைப் பிசினைக் குழைத்து அச்சில் அடைத்து, வேகவைத்து எடுத்து, பளபளவென்று தேய்த்துத் தருவார். மாதம் ஒரு முறை, அங்குள்ளவர்களுக்குப் பல் கட்டித் தர, கல்வராயன் மலைக்குப் பஸ் ஏறிவிடுவார். மலையில் ஒரு பெரியவர், "பல்லு அழகா வேணாங்க, சோளம் கடிக்கணும்" என்றாராம். அண்ணன் அடுத்த மாதம் பல் செட்டோடு சுட்ட சோளக்கதிர் ஒன்றையும் கொண்டுபோய்க் கொடுத்து, அவர் முழுக் கதிரையும் கடித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் திரும்பினார்.

அப்பா ஓய்வு பெற்று அண்ணன் வீட்டுக்கு வந்த பிறகு கண்ணில் அழுத்தம் கூடி, நான்கு வருடம் முன்பு பார்வை முழுவதும் போய்விட்டது. அதன்பின் பேச்சும் குறைந்தது. அண்ணி தட்டை வைத்தால் சாப்பிடுவார். மற்ற நேரம் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பார். அண்ணன் என்ன கேட்டாலும் "ம்" என்பதோடு சரி.

என் கணவரின் நண்பர் ஒருவர் கப்பலில் வேலை பார்ப்பவர். போன வருடம் வெளிநாட்டிலிருந்து ஓர் அட்டைப்பெட்டி கொண்டுவந்தார். பொம்மை நீராவி இஞ்சினைத் துண்டு துண்டாக ரெசினில் வார்த்து வைத்திருந்தார்கள். நாமே ஒட்டி, வர்ணம் அடித்துக்கொள்ள வேண்டும். அவருக்கு அது கைகூடவில்லை. "பல்லு கட்டுற ஆளுக்கு இது இன்னா பெரிய வேல" என்று அண்ணனிடம் தள்ளிவிட்டார்.

அண்ணன் விளையாட்டாகத்தான் எடுத்தார். துண்டுகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவி எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கினார். ஃபயர்மேன் நிற்கும் இடத்தின் கூரை கோணியிருந்தது; அதை வெந்நீரில் போட்டு, கண்ணாடிப் பலகையில் அழுத்தி நிமிர்த்தினார். காற்றுக் குமிழியால் விழுந்த ஓட்டைகளைப் பல் ரெசினால் அடைத்து உப்புத்தாளால் தேய்த்தார். உடல் ஒன்று சேர்ந்ததும் அப்பாவின் மடியில் கொண்டுபோய் வைத்தார்.

அப்பா தடவிப் பார்த்தார். கூரையை இரண்டு முறை விரலால் அளந்தார். பிறகு, "இது எவன் இஞ்சின்டா?" என்றார்.

"ஏம்பா?"

"முன்னாடி பெரிய லைட்டு எங்க? கூரை இவ்ளோ கம்மியாவா இருக்கும்? நம்மளுது நீளமா இருக்கும்டா, முதுவுல வெயிலு படாம. இது வெள்ளக்காரன் ஊரு இஞ்சின்."

இதை அண்ணி எனக்குச் சொன்னபோது, கோபமாகத் திட்டியதைச் சொல்வதுபோல் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டு சொன்னார்கள். நான்கு வருடத்தில் அப்பா அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான்.

அன்றிலிருந்து அண்ணனுக்கு அது வேறு வேலையாகிவிட்டது. கூரையை அறுத்து எடுத்துவிட்டு, ஈறுக்கு ஊற்றும் ரெசினில் புதிதாக நீளமாக வார்த்தார். பெரிய விளக்கு, தண்டவாளத்தில் நிற்கும் மாட்டை ஒதுக்கும் முன்கம்பி, எல்லாம் அப்படியே. அங்கங்கே ஈறு நிறத்தில் ரோஸாக இருந்த அந்த இஞ்சினைப் பார்த்து நாங்கள் சிரிப்போம். ஒவ்வொரு துண்டையும் அப்பா தடவி, "இன்னும் கொஞ்சம் கீழ" என்பார். அண்ணன் பிய்த்து மறுபடி ஒட்டுவார். ஒரே ஒரு வார்த்தைக்காக, 'சரி' என்ற வார்த்தைக்காக, எட்டு மாதம் காத்திருந்தார்.

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்குவதற்கு முந்தின நாள், அப்பாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நான் கள்ளக்குறிச்சி வந்தேன். விடிந்தால் பஸ் இல்லை. மரங்களை வெட்டிச் சாலைக்குக் குறுக்கே போட்டிருந்தார்கள். நான் மாட்டிக்கொண்டேன். மலைக்குப் போக வேண்டிய அண்ணனும் வீட்டோடு தங்கினார். "நல்லதாப் போச்சு, இஞ்சின முடிச்சிடலாம்" என்றார். அண்ணனோடு ஒரே வீட்டில் தொடர்ந்து மூன்று நாள் இருந்தது என் கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

முதல் நாள் சாம்பல் வர்ணம் அடித்தார். இரண்டாம் நாள் கறுப்பு, மெல்லிசாக மூன்று பூச்சு. ரோஸ் நிறமெல்லாம் மறைந்து, நிஜமான இரும்புபோல் ஆனது. மூன்றாம் நாள் பகலில் அப்பாவின் கையில் கொடுத்தார். அப்பா இடது பக்கம் ஏறும் படிக்கட்டருகே விரலை வைத்துத் தேடினார்.

"இங்க ஒரு கம்பி இருக்கும்டா. அதப் புடிச்சிக்கினுதான் நான் வெளிய எட்டிப் பாப்பேன்."

"அவ்ளோதானப்பா? வச்சிடறேன்."

பல்லில் கொக்கி மாட்டும் மெல்லிய கம்பியை எடுத்து, இஞ்சினில் இரண்டு துளை போட்டார். கம்பியை அளந்து வளைத்தார். "பாப்பா, டீ போடேன்" என்றார். முப்பத்தைந்து வயதிலும் நான் அவருக்குப் பாப்பாதான். பால் பொங்குவதற்குள் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. வந்து பார்த்தால் அண்ணன் மேசைமேல் சாய்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வேர்வை. "ஒண்ணும் இல்ல" என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை.

அண்ணி சாலைக்கு ஓடினார்கள். வண்டி எதுவும் போக முடியாது. மறியலில் உட்கார்ந்திருந்தவர்கள்தான் எழுந்து வந்தார்கள். கொடியைக் கீழே வைத்துவிட்டு, கயிற்றுக் கட்டிலோடு அண்ணனைத் தூக்கினார்கள். வெட்டிப்போட்ட மரம் குறுக்கிட்ட இடமெல்லாம் கட்டிலைத் தலைக்கு மேல் தூக்கி, அந்தப் பக்கம் நிற்பவர்கள் வாங்கிக்கொண்டார்கள். "பல்லு கட்டுறவருடா, எங்க அம்மாவுக்குக் கட்டிக் குடுத்தாருடா" என்று ஒருவர் சொல்லிக்கொண்டே ஓடினார். நானும் அண்ணியும் பின்னால் ஓடினோம்.

மருத்துவமனையில் டாக்டர் உள்ளே பார்த்துவிட்டு வெளியே வந்து, "கூட யாரு வந்திருக்கீங்க?" என்றார். நான் கையைத் தூக்கினேன், வகுப்பில் பிள்ளைகள் தூக்குவதுபோல. எதற்குத் தூக்கினேன் என்று இப்போதும் தெரியவில்லை. அவர் சொன்னது காதில் விழுந்தது. மனதுக்குள் போகவில்லை. அடுப்பில் பால் இருக்கிறதே, அணைத்தேனா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதே கட்டிலில், அதே வழியில், அதே ஆட்கள் அண்ணனைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அப்பா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரும் எதுவும் சொல்லுமுன், "ஓடிக்கினு போனவங்க மெதுவா வராங்களே" என்றார்.

பத்தாம் நாள் அப்பா என்னைக் கூப்பிட்டார். "அந்தக் கம்பி ஒண்ணு பாக்கி இருக்குதும்மா."

"எனக்கு அந்த வேல தெரியாதேப்பா."

"நீ பாத்துச் சொல்லு. நான் வைக்கிறேன்."

அண்ணன் வளைத்த கம்பி மேசையிலேயே கிடந்தது. அண்ணி இஞ்சினைப் பிடித்துக்கொண்டார்கள். நான் துளையில் பசை விட்டு, அந்த இடத்துக்கு அப்பாவின் விரலைக் கொண்டுபோனேன். இரண்டு தடவை தவறியது. மூன்றாவது தடவை கம்பி உட்கார்ந்தது, கூடவே அப்பாவின் விரலும் ஒட்டிக்கொண்டது. அண்ணி வெந்நீர் விட்டுப் பிரித்தெடுத்தார்கள். பசை காய்ந்ததும் அப்பா முன்விளக்கிலிருந்து கடைசிவரை மெதுவாகத் தடவினார். அந்தக் கம்பியை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். பிறகு அண்ணன் உட்காரும் நாற்காலிப் பக்கம் முகத்தைத் திருப்பி, "சரியா இருக்குதுடா" என்றார்.

அண்ணி இஞ்சினை வாங்கி, அந்த நாற்காலிக்கு எதிரே மேசையில் வைத்தார்கள்.

இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்த உறவினர்களுக்கும், சாலை திறந்ததும் மலையிலிருந்து இறங்கி வந்து எங்களோடு ஒரு நாள் உட்கார்ந்திருந்தவர்களுக்கும், அப்பாவைக் கவனித்துக்கொண்ட பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கட்டிலைத் தூக்கியவர்களில் யார் பெயரும் எங்களுக்குத் தெரியாது. கேட்டுக்கொள்ளும் நிதானம் அன்று எங்களுக்கு இல்லை. அவர்களில் ஒருவர், மரத்துக்கு மேல் தூக்கும்போது அண்ணன் சரிந்துவிடாமல் இருக்க, தம் தோள் துண்டை எடுத்து அவர் இடுப்பில் சுற்றிக் கட்டிலோடு கட்டினார். பச்சைக் கரை போட்ட வெள்ளைத் துண்டு. துவைத்து மடித்து வைத்திருக்கிறோம். இந்த மலர் எப்படியாவது அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தால், அவர் ஒரு முறை வீட்டுக்கு வர வேண்டும். துண்டை வாங்கிக்கொண்டு, ஒரு டீ குடித்துவிட்டுப் போக வேண்டும்.