ஐன் ஸாரூர் மல்பெரி யாருடையது?

நஜ்லா அக்கா கதவு திறக்கிற விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் மற்றது விளங்கும். மொன்றியலில், லாசாலில் எங்கள் கட்டடத்தில் அவர் மூன்றாம் மாடி, நாங்கள் நாலாம் மாடி. நான் போய்த் தட்டினால் முதலில் உள்ளே ரேடியோ நிற்கும். பிறகு கதவில் எட்டிப் பார்க்கிற கண்ணாடித் துளை இருளும்.

"ஆர்?"

"நான்தான் அக்கா, புஷ்பவதி."

"தனியவோ?"

"தனியத்தான்."

அதற்குப் பிறகும் சங்கிலி கழலாது. கதவு நாலு விரல் திறக்கும். அந்த இடைவெளியால் அக்காவின் கண் என் காலுக்குப் போகும். முப்பது வருசமாகப் பார்த்த கால்தான். பக்கத்தில் வேறு யாருடைய சப்பாத்தாவது நிற்கிறதோ என்று பார்க்கிறார்.

மருமகள் சர்மிளா சிரிப்பாள். "மாமி, உங்கட சிநேகிதி பொலிஸில இருந்திருக்க வேண்டிய ஆள்." எனக்குச் சிரிப்பு வராது. நானும் அப்படித்தான் கதவு திறக்கிறவள்.

எங்களுக்குள் பழக்கம் டோர்வலில் தொடங்கியது. விமானத்தில் கொடுக்கிற சாப்பாட்டைத் தட்டுத் தட்டாக அடுக்குகிற இடத்தில் இரண்டு பேருக்கும் வேலை. அவருக்கு அரபு, எனக்குத் தமிழ். கொஞ்ச நாளில் ஓட்டை இங்கிலிசும் உடைந்த பிரெஞ்சும் கையும் கண்ணும் சேர்ந்து எங்களுக்கென்று ஒரு பேச்சு வந்துவிட்டது. அதில் அவர் சொன்னதை நான் என் பேச்சில்தான் சொல்வேன். என்னிடம் வேறு பேச்சு இல்லை.

எந்த ஊர் என்று நான் கேட்டதற்கு "அம்மான்" என்றார். அவர் கேட்டதற்கு நான் "கொழும்பு" என்றேன். இரண்டும் பொய். யாழ்ப்பாணம் என்று வாயைத் திறந்தால் அது யார் காதில் போய் விழும் என்று எனக்குப் பயம். அவருக்கும் அப்படி ஏதோ ஒரு பயம் இருந்திருக்கிறது.

ஒரு பங்குனி மாதம், வெயில் எறிக்கத் தொடங்கி, சமையல்கூடத்துக் கூரையில் உறைந்திருந்த பனிப்பாளம் முழுதாகச் சரிந்து விழுந்தது. தடார் என்றொரு சத்தம். நான் கண்ணைத் திறந்தபோது உருக்கு மேசைக்குக் கீழே கிடந்தேன். எனக்கு முன்பே அக்கா அங்கே கிடந்தார். மற்றவர்களெல்லாம் நின்ற இடத்திலேயே நின்று எங்களைப் பார்த்தார்கள்.

அக்கா என் முகத்துக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக் கேட்டார்: "கொழும்பு ஆக்கள் இவ்வளவு கெதியா மேசைக்குக் கீழ போவினமோ?"

"அம்மான் ஆக்கள் எனக்கு முந்தியே வந்திட்டினமே!" என்றேன்.

அன்றைக்கு, அந்த மேசைக்குக் கீழே இருந்துகொண்டுதான் ஐன் ஸாரூர் என்ற பெயரை அக்கா முதன்முதல் என்னிடம் சொன்னார்.

எருசலேமுக்கு மேற்கே மலைச் சரிவில் இருந்த பலஸ்தீன ஊர் அது. கல் வீடுகள். பள்ளிவாசலுக்கு மேலே பாறையில் ஊற்று, அதிலிருந்து கீழே ஓடுகிற வாய்க்கால். சரிவில் படிப்படியாகக் கல் அடுக்கி, மண் நிரப்பி, அந்தப் படிகளில் ஒலிவும் திராட்சையும் தக்காளியும் வைத்திருந்தார்கள். உன் காணி, என் காணி என்று பிரிக்கிறதும் அந்தக் கல் அடுக்குச் சுவர்தான். எங்களுக்குப் பனையோலை வேலி எப்படியோ அப்படி.

நாற்பத்தெட்டாம் ஆண்டு அக்காவுக்கு ஆறு வயதோ ஏழு வயதோ. பக்கத்து ஊரில் ஆட்களைக் கொன்றுவிட்டார்கள் என்ற செய்தி முதலில் வந்தது. பிறகு எதிர் மலையிலிருந்து வெடி வந்தது. தாய் ரொட்டிக்கு மா குழைத்துத் துணியால் மூடி வைத்திருந்தார். திரும்பி வந்து சுடலாம் என்று அப்படியே விட்டுவிட்டு வெளிக்கிட்டார்கள். அடுத்த மலையில் போய் இருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் வீடு தெரியும். தகப்பன் களவாகப் போய் ஒரு கூடை அத்திப்பழம் கொண்டுவந்தார். அடுத்த முறை போன சித்தப்பன் திரும்பி வரவில்லை. பிறகு வீடுகளுக்கு வெடி வைத்தார்கள். ஊர்ச்சனம் முழுக்க அந்த மலையில் நின்று தூசி எழும்புவதைப் பார்த்தது. இப்போது அங்கே பைன் காடு. சனிக்கிழமைகளில் ஆட்கள் வந்து இறைச்சி சுட்டுத் தின்கிறார்களாம். பேத்தி லமா கனடாப் பாஸ்போர்ட்டோடு போய்ப் பார்த்து வந்தாள். அக்காவையும் கூப்பிட்டாள். "என்ர ஊருக்கு நான் விருந்தாளியாப் போகமாட்டன்" என்றுவிட்டார்.

பெத்லகேம் பக்கத்து முகாமில் அவர்கள் இருந்த காலத்தில் ஒருவன் வந்தான். "என்ர தாயும் ஐன் ஸாரூர்தான்" என்று சொல்லி, ஊற்றைப் பற்றிக் கதைத்து அழுதான். அக்காவின் தாய் தன் பங்கு ரொட்டியை அவனுக்குக் கொடுத்தார். அவன் போய் ஒரு கிழமைக்குள் அக்காவின் அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அண்ணன் திரும்பி வந்தார். ஆனால் அதற்குப் பிறகு அவர் வாய் திறக்கவில்லை.

அன்றிலிருந்து "நானும் உங்கட ஊர்" என்று யார் சொன்னாலும் அக்கா நம்பமாட்டார். இது எனக்கு விளங்காமல் இல்லை. சாக்கால் முகத்தை மூடிக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டி ஆட்களைக் காட்டிக் கொடுத்தவர்களை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன். தலையாட்டி என்று சொல்வோம்.

அக்கா முகாமிலிருந்து அம்மானுக்குப் போய், அங்கே கலியாணம் கட்டி, குவைத்துக்குப் போய், அங்கேயும் சண்டை வந்து துரத்த, மொன்றியலுக்கு வந்தவர். புருசன் இங்கேதான் செத்தார். ஒரே மகனும் செத்துப்போக, மருமகள் வேறு கலியாணம் கட்டிக்கொண்டு போய்விட்டாள். லமாவை வளர்த்தது அக்காதான். அவள் இப்போது ஒரு கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிறாள். போன வருசம் அவள் ஒரு பெடியனை விரும்பினாள். பெயர் வஸீம். புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் வேலை. பெடியனில் ஒரு பிழையும் இல்லை. அவனுடைய தாத்தாவில்தான் வில்லங்கம் வந்தது.

"ஆச்சி, அவன்ர தாத்தா எந்த ஊர் தெரியுமோ? ஐன் ஸாரூர்!" என்று லமா துள்ளிக்கொண்டு வந்து சொன்னாளாம். ஆச்சி கட்டிப்பிடித்து அழுவார் என்று அந்தப் பிள்ளை நினைத்திருக்கிறது. ஆச்சி எழும்பிப் போய்க் கதவுச் சங்கிலியைக் கொழுவிவிட்டு வந்து இருந்தாராம்.

"இவ்வளவு காலமா இந்த ஊரில ஐன் ஸாரூர் ஆள் எண்டு ஒரு குஞ்சும் இல்லை. என்ர பேத்தியைக் கேக்கிற நேரம் பார்த்து ஒருத்தன் முளைச்சிட்டானோ?" என்று என்னிடம் வந்து கொதித்தார். "பொய் சொல்லிக்கொண்டு வாற குடும்பத்துக்கு நான் பிள்ளை குடுக்கமாட்டன்."

லமாவும் அதே இரத்தம்தானே. "நீங்கள் வேண்டாம் எண்டா நான் அவனைக் கட்டமாட்டன். ஆனா வேற ஒருத்தனையும் கட்டமாட்டன்" என்றுவிட்டாள். அக்காவுக்கு இரண்டு பக்கமும் பயம். பொய்யனை வீட்டுக்குள் விட்டால் முகாமில் நடந்ததுதான் திரும்ப நடக்கும். விடாவிட்டால் தன் காலத்துக்குப் பிறகு பிள்ளை தனித்துப்போகும்.

"ஊரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கோவன் அக்கா. உண்மையான ஆள் எண்டாச் சொல்லுவார்தானே" என்றேன்.

"எல்லாம் போனுக்குள்ள கிடக்குது, விசரி. ஊற்று, பள்ளிவாசல், படம் எல்லாம். பாடமாக்கிக்கொண்டு வருவான்." கொஞ்சம் யோசித்தார். "நான் உண்மையைக் கேக்கப் போறதில்லை. பொய் சொல்லப் போறன். நீ வந்து பக்கத்தில இரு."

"எனக்கு உங்கட பாசை விளங்காதே?"

"அதுதான் வேணும். விளங்கினா வாயைப் பாப்பாய். நீ அவன்ர முகத்தை வடிவாப் பார்."

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். நான் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். யாகூப் என்று பெயர், எண்பது தாண்டிய மனிதர், கைத்தடி. காரால் இறங்கினவர் நேரே உள்ளே வரவில்லை. கார்க் கண்ணாடியில் பார்த்துத் தலை சீவினார். பொம்பிளை பார்க்க வந்தவன் பேரன், இவர் ஏன் தலை சீவுகிறார் என்று நான் மனதுக்குள் குறித்துக்கொண்டேன். அவர் கொண்டுவந்த இனிப்புப் பெட்டியை வாங்கி, ஒட்டிய இடம் கிழிந்திருக்கிறதோ என்று தடவியும் பார்த்தேன்.

லமா கோப்பி கொண்டுவந்தாள். யாகூப் எடுத்தார், மேசையில் வைத்தார், வைத்தது வைத்ததுதான். ஒரு வாய் குடிக்கவில்லை. எங்கள் ஊரில் ஒருவன் உன் வீட்டில் வந்து கை நனைக்காமல் எழும்பிப் போனால் அதற்கு அர்த்தம் வேறு. ஒன்றில் அவனுக்கு உன்னைக் குறைவாகத் தெரிகிறது. இல்லாவிட்டால் அவன் வயிற்றில் ஏதோ கள்ளம் இருக்கிறது. நான் அக்காவின் காதில் குனிந்தேன். "அக்கா, ஆள் குடிக்கிறேல்லை."

"உன்ர வேலையைப் பார்" என்றார்.

பிறகு அக்கா தொடங்கினார். குரலில் தேன் ஒழுகியது. அவர் சொன்னதெல்லாம் பிறகுதான் எனக்குச் சொல்லாக விளங்கியது. முகம் அப்போதே விளங்கியது. "பள்ளிவாசலுக்குக் கீழ ஒரு ஊற்று இருந்ததே, என்ன தண்ணி அது!" என்றார். ஊற்று மேலே அல்லவா? யாகூப் தலையை ஆட்டினார். "எங்கட ஊர்த் தலைவருக்கு ஒரு கண் தெரியாது, பாவம்." ஊர்த் தலைவருக்குக் கண் நன்றாகத்தான் இருந்ததாம். யாகூப் அதற்கும் தலையை ஆட்டினார். "சூடடிக்கிற களத்தில ஒரு ஈச்சை நிண்டது." அந்த மலைக் குளிரில் ஏது ஈச்சை? அதற்கும் ஒரு ஆட்டு.

தலையாட்டி! சாக்கு ஒன்றுதான் குறை. அக்காவின் உதடு நூல் மாதிரி மெலிந்துபோனது. டோர்வலில் மேற்பார்வையாளரை ஏசுவதற்கு முன்பு அப்படித்தான் வரும். குசினி வாசலில் லமா நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். வஸீம் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளையின் கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

அக்கா எழும்புவதற்குக் கதிரையில் கையை ஊன்றினார். ஊன்றிக்கொண்டே, சோதனைக்காக இல்லாமல் மனக்கசப்பில் ஒரு சொல் சொன்னார்: "ம்... எங்கட மதிலுக்குள்ள நிண்ட தூத் மரத்தை நினைச்சாத்தான் எனக்கு மனம் ஆறுதில்லை." தூத் என்றால் மல்பெரி. ஊரிலேயே அந்த ஒரு மரம்தானாம்.

ஆடிக்கொண்டிருந்த தலை பாதியில் நின்றது. அவர் காது சிவந்ததை நான் கண்டேன். கைத்தடி தரையில் டக் என்று விழுந்தது.

"லா!" என்றார். இல்லை என்கிற அந்தச் சொல் எனக்கும் தெரியும். "ஆருடைய மதிலுக்குள்ள? அடி எங்கட படியில. கொப்பு மட்டும்தான் உங்கட பக்கம்!"

"என்ன சொன்னனீர்?"

"உங்கட அப்பர் மாரி மழை பெய்து மதில் சரியிற நேரமெல்லாம் கல்லை எங்கட பக்கம் தள்ளித் தள்ளி அடுக்கினவர். என்ர அப்பர் சாகுமட்டும் இதைத்தான் சொல்லிக்கொண்டு கிடந்தவர்!"

"பொய்! உம்மட கொப்பர்தான் ஆளில்லாத நேரம் பார்த்துப் பழம் உலுப்பின கள்ளன்! என்ர அம்மா கண்ணால கண்டவ!"

இரண்டு பேரும் எழும்பிவிட்டார்கள். ஒருவர் கத்தி முடிக்க மற்றவர் விடவில்லை. குசினி வாசலில் நின்றபடியே லமா எனக்குத் துண்டு துண்டாகச் சொன்னாள். அக்கா மேசையில் கையால் சுவர் கீறினார். யாகூப் இனிப்புப் பெட்டியைத் தூக்கி அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் மரமாக வைத்தார். அக்கா அதை அந்தப் பக்கம் தள்ளினார். வஸீம் தாத்தாவின் கையைப் பிடித்து, "நான் உங்களுக்கு என்ன சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தனான்?" என்று கெஞ்சினான். அப்போதுதான் சங்கதி வெளியே வந்தது. லமாவின் ஆச்சி பொல்லாதவர், அவர் என்ன சொன்னாலும் எதிர்த்துக் கதையாமல் தலையை மட்டும் ஆட்டுங்கோ என்று பேரன்தான் கிழவரைப் பழக்கிக் கொண்டுவந்திருக்கிறான். ஊற்றை விட்டுக்கொடுத்தார். தலைவரின் கண்ணையும் விட்டுக்கொடுத்தார். மரத்தை மட்டும் அவரால் விட்டுக்கொடுக்க முடியவில்லை.

அக்கா திடீரென்று கத்துவதை நிறுத்தினார். யாகூபை ஏறிட்டுப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை நான் அவரிடம் முன்பு கண்டதில்லை. எனக்கும் அந்த நேரம்தான் உறைத்தது. காட்டிக் கொடுக்க வந்தவன் எதற்கும் ஓம் போடுவான். பைன் காட்டுக்குள் போய்விட்ட ஒரு மரத்துக்காக, மூச்சு வாங்க வாங்க, பக்கத்துக் காணிக்காரன் ஒருவன்தான் சண்டை பிடிப்பான். யாழ்ப்பாணத்தில் கட்டுவன் என்ற ஊரில் இருந்த எங்கள் வீட்டை ஆமி இடித்துத் தரைமட்டமாக்கிப் பல வருசத்துக்குப் பிறகும், என் புருசன் தமையனோடு வேலியில் நட்ட கதியால் தடிக்காகத் தொலைபேசியில் சண்டை பிடித்தவர்.

அக்கா கதிரையில் இருந்தார். தலைத்துணி நுனியால் வாயைத் துடைத்தார்.

"கோப்பி ஆறப்போகுது" என்றார். "குடியும், கள்ளன்ர மோனே."

லமா குசினி வாசலில் இருந்து ஓடிவந்து அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு சொன்னார்கள். அவர்களுடைய வழக்கத்தில் பெண் கேட்டு வந்தவர், கேட்டது கிடைக்கும் என்ற சொல் வரும்வரை கோப்பியைத் தொடமாட்டாராம். நான் அவர் வயிற்றில் கள்ளம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யாகூப் ஆறின கோப்பியை ஒரே மூச்சில் குடித்தார். குடித்து முடித்துக் கோப்பையை வைத்துவிட்டு, "இருந்தாலும் அடி எங்கட படியிலதான்" என்றார்.

கலியாணம் ஆவணியில் என்று முடிவானது. சண்டை முடிவாகவில்லை. யாகூப் இப்போது ஞாயிறு தவறாமல் வருகிறார். வந்து தட்டினால் அக்கா ரேடியோவை நிறுத்தி, கண்ணாடியால் பார்த்து, சங்கிலி இடைவெளியால் சப்பாத்தைப் பார்க்கிறார். "மதில் தள்ளினவர்ர மோள் நிக்கிறாவோ?" என்று அவர் வெளியே நின்று கேட்கிறார். பிறகுதான் சங்கிலி கழல்கிறது.

ஆனி முடிவில் ஆற்றங்கரைப் பக்கத்தில் ஒரு மல்பெரி மரம் காய்த்துக் கொட்டுவதை அவர் கண்டுபிடித்திருக்கிறார். ஒரு கூடை பொறுக்கி, "எங்கட மரத்தில இருந்து" என்று சொல்லி லமாவிடம் கொடுத்துவிட்டார். அக்கா பாதியை எடுத்துக்கொண்டு மீதியைக் கூடையோடு திருப்பி அனுப்பினார். "எங்கட பங்கு எடுத்தாச்சு எண்டு சொல்லு."

அன்று பின்னேரம் நான் கீழே போனேன். வழக்கமான கேள்விகள் முடிந்து உள்ளே போய் இருந்தேன். எவ்வளவு நாளைக்குத்தான் மனதுக்குள் வைத்திருப்பது? கேட்டே விட்டேன்.

"அக்கா, நான் வெளியில சொல்லமாட்டன். உண்மையைச் சொல்லுங்கோ. அந்த மரம் ஆற்ர?"

அக்கா எழும்பிப் போய்ச் சங்கிலி கொழுவியிருக்கிறதோ என்று பார்த்தார். யன்னலையும் சாத்தினார். திரும்பி வந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நீ ஏன் கேக்கிறாய்? அவன் உனக்கும் பழம் தந்தவனோ?"

"எனக்கு ஏன் தாறார்?" என்று சொல்லிக்கொண்டே, பழத்தின் ஊதாச் சாயம் போகாத விரல்களைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டேன்.