மாமாவின் தாளில் நான் போட்ட கோடுகள்

நான் பிரைமரி த்ரீ படித்த வருடம் ஆங்கில டீச்சர் எங்களுக்குச் சொற்களை உடைக்கக் கற்றுக்கொடுத்தார். ஒவ்வோர் அசைக்கும் ஒரு கைதட்டு. வரியின் ஓரத்தில் இடம் போதாவிட்டால், தட்டு விழும் இடத்தில் சின்னக் கோடு போட்டு மிச்சத்தை அடுத்த வரிக்குக் கொண்டுபோகலாம். ஒரே தட்டில் முடிகிற சொல்லை மட்டும் எக்காரணம் கொண்டும் பிரிக்கக் கூடாது. சிங்கப்பூர் ஆங் மோ கியோவில் எங்கள் வீட்டில் நான் தட்டாத சொல் இல்லை. ‘ரெஃப்ரிஜிரேட்டர்’ ஐந்து தட்டு என்று கண்டுபிடித்த அன்று பக்கத்து வீடு வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, அப்போது எங்களோடு இருந்தார். அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். அவருக்குப் பேச்சு திக்கும். வீட்டில் அவ்வளவாகத் தெரியாது. புது ஆட்கள் முன்னால், அதுவும் ஆங்கிலம் என்றால், சொல் தொண்டையிலேயே நின்றுவிடும். அந்த மாதம் அவருக்குப் பதிவுத் திருமணம். உறுதிமொழியை ஆங்கிலத்தில் வாசிக்க வேண்டும். தமிழில் வாசிக்கலாமே என்று அம்மா கேட்டதற்கு, பதிவாளர் சீனர் என்றார் மாமா.

ஒரு நாள் உறுதிமொழி அச்சிட்ட தாளை என்னிடம் நீட்டினார்.

“பாப்பா, உங்க ஸ்கூல்ல செய்ற மாதிரி இதை வெட்டிக் குடு.”

அகராதியைப் பார்த்துப் பார்த்துப் பென்சிலால் கோடு போட்டேன். ‘மேட்ரிமோனி’ நான்கு துண்டானது. ‘வைஃப்’ என்ற சொல்மேல் மாமா விரலை வைத்தார்.

“இது?”

“ஒரு தட்டுதான் மாமா. வெட்டக் கூடாது.”

“இதுதாம்மா எனக்கு வராது.”

விதியை மீற எனக்கு மனம் வரவில்லை.

திருமணத்தன்று சிராங்கூன் சாலையில் ஓர் உணவகத்தின் மாடியில் நாற்பது பேர் கூடியிருந்தோம். மாமா வாசிக்க வாசிக்க, முன்வரிசையில் இருந்த நான் மடியில் சத்தம் வராமல் தட்டினேன். நீளமான சொற்களெல்லாம் துண்டு துண்டாக வந்து சேர்ந்தன. ‘வைஃப்’பில் நின்றுவிட்டார். குவிந்த உதடு குவிந்தபடியே இருந்தது. யாரோ இருமினார்கள். பதிவாளர் எடுத்துக்கொடுக்க வாய் திறந்தபோது மணப்பெண் லேசாகத் தலையசைத்து அவரைத் தடுத்தார். பிறகு அவசரமே இல்லாதவர் போல மாமாவைப் பார்த்துக்கொண்டு நின்றார். சொல் வந்தது.

அடுத்து மணப்பெண்ணின் முறை. புது அத்தையும் துண்டு துண்டாகத்தான் வாசித்தார். மேட்-ரி-மோ-னி. ‘ஹஸ்பண்ட்’டுக்கு முன்னால், மாமா நின்ற அளவுக்கு நின்றுவிட்டுச் சொன்னார். மாமா சிரித்துவிட்டார். எனக்கோ கவலையாகிவிட்டது.

சாப்பாட்டு நேரத்தில் அத்தையிடம் போனேன். “உங்க பேப்பரையும் என்கிட்ட குடுத்திருக்கலாம்லா, அத்தை. நான் கோடு போட்டுத் தந்திருப்பேன்.”

“தெரியாமப் போச்சும்மா,” என்றார் அத்தை, முகத்தில் சிரிப்பே காட்டாமல். பக்கத்தில் இருந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிரியாணி காரம் என்று நினைத்தேன்.

அத்தை விமான நிலையத்தில் நாளெல்லாம் ஆங்கிலத்தில் அறிவிப்புச் செய்பவர். அதுவும் எனக்குத் தெரியும். இப்படி வாசிக்கிறவரை அந்த வேலையில் எப்படி வைத்திருக்கிறார்கள் என்றுதான் வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.